அம்மாவின் கால் ஆர்கனும் தூத்துக்குடி வீட்டு ஆர்கனும்

வாசகர் கடிதம்:

டீச்சருக்கு வணக்கம். நான் நாசரேத் பக்கம். மின்வாரியத்தில் 32 வருஷம் வேலை பார்த்துப் போன மாதம் ஓய்வு பெற்றேன். எங்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோயிலில் கால் ஆர்கன் வாசித்தவர் என் அம்மா. வீட்டிலும் ஒன்று உண்டு. அம்மா காலத்துக்குப் பிறகு அது புறவாசல் சாய்ப்பில் சாக்குப் போட்டு மூடிக் கிடக்கிறது. பாதிக் கட்டை பேசவில்லை. பழைய சாமான் எடுக்கிறவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆர்கன் படிக்க ஆசை. வேலையில் அது நடக்கவே இல்லை. இப்போது தூத்துக்குடியில் ஒரு வீட்டில், சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பழைய எலக்ட்ரானிக் ஆர்கன் விலைக்கு இருக்கிறது. கைக்கு இரண்டு வரிசைக் கட்டை, காலுக்கு மிதிகட்டை. 40,000 ரூபாய் சொல்கிறார்கள். மகன், "பழசை வாங்கிக் கஷ்டப்படாதீங்கப்பா, புதுக் கீபோர்டு வாங்கித் தர்றேன்" என்கிறான். மேடையில் வாசிக்கும் எண்ணம் இல்லை. சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். எதை வாங்கலாம்? இந்த வயதில் கை வருமா? அம்மாவின் பெட்டியைக் கொடுத்துவிடலாமா?

ஆலோசனை:

அண்ணாச்சிக்கு வணக்கம்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இதைப் படிப்பதற்குள் பழைய சாமான்காரர் வந்துவிடக் கூடாது. அம்மாவின் பெட்டியைக் கொடுக்காதீர்கள். பாதிக் கட்டை பேசவில்லை என்றால் மீதிப் பாதி பேசுகிறது. துருத்தி இன்னும் காற்றுப் பிடிக்கிறது, மிதிக்கிற பட்டை அறவில்லை என்று அதிலேயே தெரிந்துவிட்டது. இத்தனை வருஷம் சாய்ப்பில் கிடந்த பெட்டிக்கு இது நல்ல உடம்பு.

பேசாத கட்டைகள் பெரும்பாலும் தூசி அடைத்தவையாகத்தான் இருக்கும். நான் பாளையங்கோட்டையில் 30 வருஷமாக ஆர்கன் சொல்லிக்கொடுக்கிறேன், கால் ஆர்கன்களைப் பழுதும் பார்க்கிறேன். நாசரேத், முதலூர், மெஞ்ஞானபுரம் பக்கமிருந்து வருகிற பெட்டி என்றால் திறந்ததுமே உள்ளே சிவப்பாக இருக்கும். ஆடிக் காற்றில் தேரி மண் எங்கெல்லாம் நுழையும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆர்கனுக்குள் ஒவ்வொரு கட்டைக்கும் பித்தளை ரீடு உண்டு. விரல் நீளத்தில் ஒரு பித்தளைச் சட்டம், அதில் நீளவாக்கில் வெட்டிய பிளவு, பிளவின் மேல் ஒரு முனை மட்டும் ஆணியடித்த மெல்லிய நாக்கு. காற்று போகும்போது நாக்கு அந்தப் பிளவுக்குள் போய்வந்து துடிக்கும். அந்தத் துடிப்புதான் ஸ்வரம். நாக்குக்கும் பிளவின் ஓரத்துக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் அளவுக்குத்தான் இடம். ஒரே ஒரு மணல் அதில் உட்கார்ந்தால் போதும், கட்டை ஊமையாகிவிடும். அல்லது வண்டு மாதிரி இரையும்.

கால் ஆர்கனில் இரண்டு ஜாதி உண்டு. 1840-களின் தொடக்கத்தில் பாரிஸில் அலெக்சாண்டர் தெபாங் உரிமம் வாங்கிய ஆர்மோனிய வகை, காற்றை ரீடு வழியாக வெளியே தள்ளும். பிற்பாடு அமெரிக்காவில் பரவிய வகை காற்றை உள்ளே உறிஞ்சும். உறிஞ்சுகிற வகையில் அறையின் காற்றோடு அறையின் தூசியும் நேரே ரீடுக்கு வந்து சேரும். ஆனால் அதன் குரல் மெத்தென்று இருக்கும், காதை உறுத்தாது. உங்கள் வீட்டுப் பெட்டியில் கட்டைக்கு மேலே இழுக்கிற குமிழ்கள் இருந்து, அதில் ஒன்றில் 'வாக்ஸ் ஹியூமானா' என்று எழுதியிருந்தால் உறிஞ்சுகிற வகையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அந்தக் குமிழை இழுத்தால் உள்ளே ஒரு சின்ன விசிறி காற்றிலேயே சுற்றிக் குரலை நடுங்க வைக்கும். அம்மா வாசிக்கும்போது முழங்காலால் ஒரு பலகையைப் பக்கவாட்டில் தள்ளியது உங்களுக்கு நினைவிருக்கலாம். சத்தத்தைக் கூட்டுவதற்கு அது.

போன கோடையில் ஒரு பெட்டி வந்தது. நடுவில் அடுத்தடுத்து ஏழு கட்டை பேசவில்லை. ரீடு வரிசையைத் திறந்து பார்த்தால், குளவி மண் வைத்துக் கூடு கட்டியிருந்தது, வரிசையாக, ஓட்டை தவறாமல். மண்ணை ஊசியால் நெம்பி எடுத்து, ஓவியம் தீட்டுகிற பிரஷ்ஷால் நாக்கைத் தூசி தட்டியதும் ஏழும் பேசின. செலவு என்று பார்த்தால் பிரஷ் ஒன்றுதான். அதனால் துருத்தித் துணி கிழிந்து காற்று ஒழுகினால்கூடப் பயப்பட வேண்டாம், ரப்பர் பூசிய துணி மாற்றிக்கொள்ளலாம். ஒன்று மட்டும் செய்யாதீர்கள். சுருதி சேரவில்லை என்று யாராவது வந்து நாக்கைச் சுரண்டுகிறேன் என்றால் விடாதீர்கள். நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், ஆணிப் பக்கம் சுரண்டினால் இறங்கும். கை பழகினவர் மயிரிழை சுரண்ட வேண்டிய வேலை அது. போன பித்தளை திரும்பி வராது. தூசி தட்டினாலே பாதி ரீடு தன் சுருதிக்குத் திரும்பிவிடும்.

இனி எதை வாங்குவது என்பது. அதற்கு முன்னால் ஆர்கன் ஆசை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஆசை எதன்மேல் என்று நான் புரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். எதை வாங்குவது என்பதற்கு விடை அதற்குள்தான் இருக்கிறது.

நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்தில் இசைத்தூணைத் தட்டிப் பார்த்திருப்பீர்கள். கல்லிலிருந்து ஸ்வரம் கிளம்பும், கிளம்பின அந்த நிமிஷமே தேயத் தொடங்கும். பியானோவும் அப்படித்தான், வீணையும் அப்படித்தான். தட்டுகிற, மீட்டுகிற எல்லாவற்றிலும் ஒலி பிறந்ததுமே போய்க்கொண்டிருக்கிறது. ஆர்கனில் அது போகாது. விரல் கட்டையில் இருக்கும் வரை ஒரே பலத்தில் நிற்கும். கச்சேரியில் நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஒத்து ஊதுகிறவரை நினைத்துப் பாருங்கள். ஒரே சுருதியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பார். நாம் அவரைக் கவனிப்பதில்லை, ஆனால் அவர் நிறுத்தினால் காருகுறிச்சி அருணாசலமே வாசித்தாலும் பந்தல் காலியானது மாதிரி ஆகிவிடும். அந்த ஒத்தின் நிலைப்பை உங்கள் பத்து விரலுக்கும் கொடுத்தால் அதுதான் ஆர்கன். கட்டை வைத்திருப்பதால் பியானோவுக்குத் தம்பி என்று நினைக்கிறார்கள். அது மூச்சு வாத்தியம், நாதஸ்வரத்துக்குத்தான் சொந்தம்.

ஆகவே ஆர்கன் வாசிப்பில் கட்டையை அழுத்துவது பாதி வேலை, விரலை எப்போது எடுப்பது என்பது மீதிப் பாதி. எவ்வளவு பலமாக அழுத்தினாலும் சத்தம் அதிகமாகாது. அதைக் கால் மிதியோ முழங்கால் பலகையோ பார்த்துக்கொள்ளும். பியானோவில் விரலை எடுத்த பிறகும் ஒலியைப் பிடித்து வைக்கக் காலுக்கு ஒரு மிதி உண்டு. ஆர்கனில் அந்த வசதி கிடையாது. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரத்துக்கு இடைவெளி விழாமல் போக வேண்டுமென்றால் விரலே வழி கண்டுபிடிக்க வேண்டும். ஆள்காட்டி விரலால் ஒரு கட்டையை அழுத்திக்கொண்டிருக்கும்போதே, அதே கட்டைக்குள் கட்டைவிரலை நைசாகக் கொண்டுவந்து வைத்து, அப்புறம் ஆள்காட்டியை விடுவிப்பது. ஒலியில் ஒரு சலனம் தெரியக் கூடாது. குழந்தை கையில் தூங்கும்போது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றுகிற மாதிரி. என்னிடம் படிக்க வருகிறவர்களுக்கு முதல் வாரம் முழுக்க இது ஒன்றுதான். ஒரே கட்டை, ஐந்து விரலும் மாறி மாறி. சலிப்பாக இருக்கும் என்று நினைப்பீர்கள். மூன்றாம் நாள் அந்த மாற்றம் சத்தமில்லாமல் நடந்துவிடும்போது முகத்தைப் பார்க்க வேண்டும்.

அப்புறம் அடுக்கு. பாமாலைப் பாட்டு நான்கு குரலில் எழுதியது. மேல் குரலைக் கோயிலில் எல்லாருமே பாடுகிறோம், மற்ற மூன்றும் ஆர்கனில்தான் கேட்கும். வலது கை மேல் வரிசையில் ராகத்தைக் கொண்டுபோக, இடது கை கீழ் வரிசையில் நடுக்குரல் இரண்டையும் மெதுவாகப் பிடிக்க, இடது கால் பாஸ் என்கிற அடிக்குரலை மிதிக்க, மூன்றும் ஒன்றாகச் சேர்கிற அந்த முதல் நாள் சாயங்காலத்தை யாரும் மறப்பதில்லை. நான் மறக்கவில்லை. ஒரே ஆள் உட்கார்ந்து ஒரு சபையாகப் பாடுகிற உணர்வு அது.

கீர்த்தனை கொஞ்சம் வேறு விஷயம். நம்முடைய ராகத்துக்குக் கமகம் வேண்டும். கட்டை வைத்த வாத்தியத்தில் ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவே வழுக்க முடியாது. இந்தக் குறையையும் ஒரு காரணமாகச் சொல்லித்தான் அகில இந்திய வானொலி 1940-லிருந்து 1971 வரை ஆர்மோனியத்தையே விலக்கி வைத்திருந்தது. குறை உண்மைதான், மறுக்க மாட்டேன். ஆனால் வீட்டில் நான் செய்கிற வழி ஒன்று இருக்கிறது. கீழ் வரிசையில் சட்ஜமும் பஞ்சமமும் பிடித்துக்கொள்வேன், மேல் வரிசையில் ஒரே ஒரு மென்மையான புல்லாங்குழல் ஸ்டாப் (குரலைத் தேர்ந்தெடுக்கிற குமிழ்) வைத்து ராகத்தின் எலும்பை மட்டும் வாசிப்பேன், கமகத்தை வாயால் பாடிக்கொள்வேன். நீங்களும் பாடிக்கொண்டே வாசியுங்கள். அம்மா கூட அப்படித்தான் வாசித்திருப்பார்கள்.

சரி, இப்போது தூத்துக்குடி ஆர்கனுக்கு வருவோம்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அது ஸ்பினெட் என்கிற வீட்டு வகை. 1935-ல் அமெரிக்காவில் லாரன்ஸ் ஹேமண்ட் குழாயே இல்லாத மின்சார ஆர்கனை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகுதான் இரண்டு வரிசையும் மிதிகட்டையும் உள்ள ஆர்கன் பெரிய அளவில் வீட்டுக்குள் வந்தது. பட்டாசலில் ஒரு சுவரோரம் அடங்கும்படி அளவைக் குறைத்துச் செய்ததுதான் ஸ்பினெட். கட்டை வரிசை ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் 44 கட்டை, காலுக்கு 12 அல்லது 13 மிதிகட்டை. மேல் வரிசையும் கீழ் வரிசையும் நேருக்கு நேராக இல்லாமல் ஒன்றுக்கொன்று தள்ளி அமைந்திருக்கும். இடது கால் மிதிகட்டைக்கு, வலது கால் எப்போதும் ஒலி அளவு மிதியில். பெரிய கன்சோல் வகையில் வரிசைக்கு 61 கட்டையும் 25 மிதிகட்டையும் இருக்கும். கோயிலில் வாசிக்கிற முறையான ஆர்கனில் மிதிகட்டையே 30, 32 வரை போகும், இரண்டு காலாலும் வாசிக்க வேண்டும். உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. பாஸ் குரல் 13 கட்டைக்கு வெளியே போகிற இடத்தில் ஸ்தாயியை மாற்றி மிதித்துக்கொண்டால் போதும். செருப்புப் போடாத வெறுங்காலுக்கு இந்தச் சின்ன மிதிகட்டை நன்றாகவே பழகும்.

ஸ்டாப்புகளில் 16, 8, 4 என்று எண் போட்டிருக்கும். அது குழாய் ஆர்கனிலிருந்து வந்த கணக்கு. 8 என்றால் எட்டடிக் குழாயின் வரிசை, அழுத்தின கட்டையின் சொந்தச் சுருதி. 16 ஒரு ஸ்தாயி கீழே, 4 ஒரு ஸ்தாயி மேலே. புதிதாக வாசிக்கிறவர்கள் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுவிடுவார்கள், வீடே அதிரும், பத்து நிமிஷத்தில் காது களைத்துப்போகும். ஒரு 8, கூடவே ஒரு 4. வீட்டுக்கு அது போதும்.

இந்த ஆர்கனைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். பல வருஷத்துக்கு முன்னால், அமெரிக்காவிலிருந்து வந்த ஆர்கன் ஒன்றை வெறும் போட்டோவைப் பார்த்து வாங்கினேன். உள்ளே மோட்டார் சுற்றி, பல் வைத்த உலோகச் சக்கரங்கள் சுழன்று ஒலி எழுப்புகிற வகை. மின்மாற்றியும் கூடவே கொடுத்திருந்தார்கள், 117 வோல்ட்டுக்குக் குறைக்கிறது. மாட்டினேன், சுவிட்சைப் போட்டேன், அழகாகச் சுற்றியது. 'ஸி' கட்டையை அழுத்தினால் 'ஏ' கேட்டது. உங்களுக்கு இதற்குள் காரணம் புரிந்திருக்கும். அங்கே கரண்டு நொடிக்கு 60 சைக்கிள், இங்கே 50. மோட்டார் அந்த சைக்கிளை வைத்துத்தான் ஓடும். ஆறு பங்கில் ஐந்து பங்கு வேகம் என்றால் சுருதி மூன்று அரைஸ்வரம் இறங்கிவிடும். வோல்ட்டை மாற்றுகிற பெட்டி சைக்கிளை மாற்றாது. அதை மாற்றுகிற கருவி அப்போது என் கைக்கு எட்டாத விலை. விற்றவர் போனையே எடுக்கவில்லை. இரண்டு வருஷம் அது போர்வைக்குள் இருந்தது, பாதி விலைக்குக் கொடுத்தேன். இன்றைக்கும் அந்த வாத்தியத்தின் குரல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அது நல்ல ஆர்கன், வந்து சேர்ந்த இடம்தான் அதற்கு ஒத்துவரவில்லை.

உங்கள் விஷயத்தில் சிங்கப்பூரிலும் 230 வோல்ட், 50 சைக்கிள்தான் என்பதால் பெரிய பயமில்லை. இருந்தாலும் பின்பக்கத் தகட்டை டார்ச் அடித்துப் படியுங்கள். ஜப்பான் உள்நாட்டுக்குச் செய்தது என்றால் 100 வோல்ட் என்றிருக்கும். டிரான்சிஸ்டர் வகையாக இருந்தால் அதற்கு மின்மாற்றி வைத்துச் சமாளித்துவிடலாம், சுருதி மாறாது.

போனதும் வாசித்துப் பார்க்கத் தோன்றும். அதற்கு முன் சுவிட்சைப் போட்டுவிட்டு அரை மணி நேரம் வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருங்கள். பழைய ஆர்கனின் கோளாறுகளில் பல, உள்ளே சூடேறின பிறகுதான் வெளியே வரும். அப்புறம் ஒரே ஒரு ஸ்டாப்பை மட்டும் போட்டு, கீழிருந்து மேலாகக் கட்டை கட்டையாக அழுத்துங்கள். அவசரம் வேண்டாம், ஒவ்வொன்றிலும் இரண்டு எண்ணுகிற நேரம் விரலை வையுங்கள். கரகரப்பு மட்டும் கேட்டால், அது கட்டைக்கு அடியில் உள்ள தொடுமுனை துரு. தூத்துக்குடி உப்புக் காற்றுக்கு இது சகஜம், சுத்தம் செய்தால் போய்விடும். விடாமல் வாசித்தாலே சில கட்டை சரியாகும். ஒரு ஸ்வரம் எல்லா ஸ்தாயியிலும் சேர்ந்தே சுருதி விலகியிருந்தால் அதற்கும் கலங்க வேண்டாம். பழைய எலக்ட்ரானிக் ஆர்கன் பலவற்றில் 12 ஸ்வரத்துக்கு 12 மூல அதிர்விகள்தான் இருக்கும். மேல் ஸ்தாயியை அவை எழுப்பும், கீழ் ஸ்தாயிகளை அதையே பாதி பாதியாக வகுத்து எடுத்துக்கொள்ளும். மூலத்தைத் திருகினால் மொத்தமும் சேர்ந்துவிடும். ஆனால் ஒரு ஸ்வரம் மேலே பேசி, நடுவிலிருந்து கீழே எல்லா ஸ்தாயியிலும் ஊமையாக இருந்தால் வகுக்கிற சில்லு போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று போயிருந்தால் பார்க்கலாம். மூன்று, நான்கு ஸ்வரத்தில் அப்படி இருந்தால் ஒரு காப்பி குடித்துவிட்டு வந்துவிடுங்கள். அந்தச் சில்லுகளை இப்போது செய்வதில்லை, தேடிக் கிடைத்தாலும் மாட்டுகிற ஆள் இங்கே குறைவு.

கட்டை எதையும் அழுத்தாமல் ஒலி அளவு மிதியை முழுசாக மிதித்துக் கேளுங்கள். ங்ங் என்று தடித்த இரைச்சல் வந்தால் மின்தேக்கிகள் காய்ந்திருக்கும், அல்லது எர்த் சரியில்லை. இது உங்கள் தொழில், என்னைவிட நீங்களே நன்றாகக் கண்டுபிடிப்பீர்கள். மின்தேக்கி மாற்றுகிற வேலையைத் திருநெல்வேலியில் நல்ல ஆம்பிளிபயர் மெக்கானிக் யாரும் செய்துவிடுவார். பின்பலகையைத் திறக்க விட்டால் மூலையில் எலிப் புழுக்கை இருக்கிறதா, கம்பியைக் கடித்திருக்கிறதா என்று பாருங்கள். சிலவற்றில் சர்க்யூட் வரைபடம் உள்ளேயே மடித்து வைத்திருக்கும். இருந்தால் அதை விட்டுவிடாமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் பழுது பார்க்கிறவருக்கு அது கண் மாதிரி.

இவ்வளவும் தேறினாலும் 40,000 அதிகம். பழைய ஸ்பினெட்டுக்கு வாங்குகிற ஆள் ரொம்பக் கிடையாது, அவர்களும் இடம் காலியானால் போதும் என்றுதான் இருப்பார்கள். 25,000-க்கு மேல் நானாக இருந்தால் போக மாட்டேன், மீதியை வண்டிக் கூலிக்கும் மெக்கானிக்குக்கும் வைத்துக்கொள்வேன். எடை கிட்டத்தட்ட 100 கிலோ வரை இருக்கலாம். நாலு ஆள் வேண்டும். மிதிகட்டைத் தொகுதியைத் தனியாகக் கழற்ற முடிந்தால் கழற்றிவிட்டு, படுக்கப் போடாமல் நின்றபடியே கயிறு போட்டுக் கொண்டுவாருங்கள்.

மகன் சொல்வதையும் தள்ள வேண்டாம். புதுக் கீபோர்டு நல்ல பொருள்தான். 61 கட்டை, எடை குறைவு, ராத்திரி பதினோரு மணிக்கு ஹெட்போன் மாட்டி வாசிக்கலாம், சுருதியை ஒரு பொத்தானில் ஏற்றி இறக்கலாம், கரண்டு போனால் பேட்டரியிலும் ஓடுகிற மாடல் உண்டு, கெட்டுப்போனால் கேட்பதற்கு ஒரு கடை இருக்கிறது. என் மாணவர்களில் பாதிப் பேர் அதில்தான் படிக்கிறார்கள். ஆனால் கீபோர்டு உங்களைத் தாளத்துக்கு இழுக்கும். ஒரு விரல் வைத்தால் டிரம்ஸும் கிட்டாரும் சேர்ந்து ஓடும், பேரப்பிள்ளைகள் கைதட்டும், ஒரு மாதத்தில் அது வாசிக்கும், நீங்கள் கூட இருப்பீர்கள். அதை வாங்குவதானால் ஆர்கன் குரல்கள் எப்படி என்பதைக் கடையில் முதலில் கேளுங்கள். கையின் பலத்துக்கு ஏற்ப ஒலி மாறுகிற வசதியை நிறுத்திவைக்க முடிகிறதா என்று பாருங்கள், ஆர்கனுக்கு அது வேண்டாம். கட்டைகளைப் பாதியாகப் பிரித்து இடது கைக்கு ஒரு குரல், வலது கைக்கு ஒரு குரல் வைக்க முடிய வேண்டும். கட்டை முழு அளவில் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கென்று வருகிற சின்னக் கட்டையில் பழகின விரலுக்கு அப்புறம் கோயில் ஆர்கன் அந்நியமாகிவிடும். இரண்டு கீபோர்டைக் கம்ப்யூட்டரோடு இணைத்து, பெரிய குழாய் ஆர்கன்களின் பதிவு செய்த ஒலியை வாசிக்கிற முறையும் இருக்கிறது. கேட்க அற்புதமாக இருக்கும். ஆனால் முதல் வருஷத்தில் அந்தப் பக்கம் போக வேண்டாம், வாசிக்கிற நேரத்தை ஒயர் தின்றுவிடும்.

என் முடிவைக் கேட்டால் இதுதான். முதலில் அம்மாவின் பெட்டி. அதைத் தூசி தட்டிச் சரிசெய்ய ஒரு மாதம் ஆகட்டும், அதிலேயே விரல் பழகுங்கள். காலால் மிதித்துக் காற்றுக் கொடுத்து வாசித்தவருக்கு ஒலி எங்கிருந்து வருகிறது என்பது உடம்பிலேயே பதிந்துவிடும். அது வேறு எந்தக் கருவியிலும் கிடைக்காது. இதற்கு நடுவே தூத்துக்குடிக்குப் போய்ப் பாருங்கள். ஆர்கன் தேறினால் அதையே வாங்குங்கள், இரண்டாம் யோசனை வேண்டாம். நீங்கள் கேட்டது சாயங்காலம் உட்கார்ந்து வாசிக்கிற சந்தோஷத்தை. இரண்டு கையும் ஒரு காலும் மூன்று வழியில் போய் ஒரே இடத்தில் சேர்கிற அந்தச் சந்தோஷத்துக்கு இரண்டு வரிசையும் மிதிகட்டையும் வேண்டும். தேறாவிட்டால் மகன் வாங்கித் தருகிற கீபோர்டைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள், அம்மாவின் பெட்டிக்குப் பக்கத்திலேயே போடுங்கள்.

வீட்டில் வைக்கிற இடம்: மேற்கு வெயில் அடிக்கிற சுவர் ஆகாது, சன்னலுக்கு நேரே ஆகாது. அடியில் நான்கு கட்டை வைத்துத் தரையிலிருந்து தூக்கிவிடுங்கள், கரையான் ஏறினால் கண்ணில் படும். எலக்ட்ரானிக் ஆர்கனுக்கு ஸ்டெபிலைசர் கட்டாயம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு நாளைக்கு ஒரு தடவையாவது சுவிட்சைப் போட்டு வாசித்துவிடுங்கள், அந்தச் சூட்டில் ஈரம் போய்விடும். சாக்குப் போட்டு மட்டும் மூடாதீர்கள். சாக்கு ஈரம் பிடிக்கும், எலிக்கும் பிடிக்கும். பழைய பருத்தி வேட்டி போதும்.

வயதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஓய்வு பெற்ற பிறகு ஆரம்பித்தவர்கள் என்னிடம் பலர் படித்திருக்கிறார்கள். வேகமான உருப்படிகள் அவர்களுக்குக் கஷ்டம்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் ஆர்கனுக்கு வேகத்தைவிடப் பொறுமை முக்கியம், நிதானமாகப் பிடித்து நிதானமாக விடுவது. பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு நான் தலையால் தண்ணீர் குடித்தும் வராதது அது, உங்கள் வயதுக்காரர்களுக்கு இரண்டாம் மாதமே வந்துவிடுகிறது. தினம் இருபது நிமிஷம். முதல் பத்து நிமிஷம் ஒரு கை மட்டும், அடுத்த ஐந்து கால் மட்டும், கடைசியில்தான் சேர்த்து. குனிந்து மிதிகட்டையைப் பார்க்காதீர்கள், இடது கால் இரண்டு வாரத்தில் தானே இடம் கண்டுபிடித்துக்கொள்ளும். சாய்மானம் வைத்த நாற்காலி வேண்டாம், நல்ல உயரத்தில் ஒரு பெஞ்ச் தச்சரிடம் சொல்லிச் செய்துகொள்ளுங்கள். உட்கார்ந்தால் இடது பாதம் மிதிகட்டையை லேசாகத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது.

அம்மாவின் பெட்டியைப் பாளையங்கோட்டை வரை தூக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை. பேசாத கட்டைகள் எவை என்று இடமிருந்து எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள், குமிழ்களில் எழுதியிருப்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ரீடை இடுக்கி போட்டு இழுக்காதீர்கள், அதற்கென்று ஒரு சின்னக் கொக்கி இருக்கிறது. பல பெட்டியில் உள்ளேயே ஒரு ஓரமாகச் சொருகி வைத்திருப்பார்கள், தேடிப் பாருங்கள். கிடைத்தால் அந்த ரீடுகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனித் தாளில் சுற்றி, கட்டை எண்ணை மேலே எழுதிக் கொண்டுவாருங்கள். எண் மாறினால் எந்த ரீடு எந்தக் குழிக்கு என்று தெரியாமல் ஒரு நாள் போய்விடும். சனிக்கிழமை காலையில் நான் வீட்டில்தான் இருப்பேன்.